பேரீச்ச மர உச்சியில் ஒரு சிவப்புத் துணி

தெர்மல், கலிபோர்னியா
2 ஆகஸ்ட் 1987

அன்பு மருமகன் உபால்தோவுக்கு,

உன் மாமன் கசிமீரோ எழுதுகிறேன். செத்துப் போயிருப்பேன் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை இப்போதே துப்பிவிடு. நன்றாக இருக்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் என்னைவிட நன்றாக இருப்பவர் தோப்பு முதலாளி லிண்ட்கிரென் ஒருவர்தான். அவரும் காலையில் என்னைக் கண்டால் தொப்பியைத் தொட்டுவிட்டுத்தான் நகர்கிறார். வெயில் எப்படி என்று கேட்பாய். போன வாரம் ஒரு கோழி என் கண்ணெதிரே முட்டையிட்டது. முட்டை தரைக்கு வருவதற்குள் வெந்துவிட்டது. உரித்துச் சாப்பிட்டேன். உப்பு மட்டும்தான் தனியாகப் போட வேண்டியிருந்தது.

என் இடுப்பும் தேறிவிட்டது. தர்பூசணி லாரியை ஒற்றைக் கையால் நிறுத்தப் போய் உடைந்த இடுப்பு அல்லவா, சும்மா விழுந்து உடைந்ததைப் போலச் சீக்கிரம் கூடுமா? இப்போது நடக்கிறேன். நொண்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது ஒரு கம்பீரம்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பெரிய சட்டம் ஒன்று வந்திருக்கிறது. எண்பத்தைந்து மே தொடங்கி எண்பத்தாறு மே வரைக்குள் வயலிலோ தோப்பிலோ மூன்று மாதம் வேலை செய்தவன், வேலி தாண்டி வந்தவனாகவே இருந்தாலும், இங்கே தங்கி வேலை செய்யக் காகிதம் வாங்கிக்கொள்ளலாமாம். முதலாளியோ கங்காணியோ சாட்சிக் கடிதம் தர வேண்டும். அக்டோபர் முடிவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

அதனால் நீ எனக்கு ஒன்று செய். அந்தப் பருவத்தில் பேரீச்சத் தோப்பில் என்ன செய்தாய், எப்படி ஏறினாய், காலையில் முதல் வேலை என்ன, பக்கத்து மரத்தில் யார், எல்லாவற்றையும் விவரமாக எழுது. நான் தர்பூசணி ஆள். பேரீச்ச மரம் ஏறியதில்லை. ஏறத் தெரியாமல் இல்லை, மரம் தாங்காது என்ற இரக்கம்தான். ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே. கிழவனுக்குப் பொழுது போக வேண்டாமா?

இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் காட்டாதே.

உன் மாமன்,
கசிமீரோ

*

லாஸ் பிலாஸ், மிச்சோவகான்
19 ஆகஸ்ட் 1987

மாமாவுக்கு,

கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். "காட்டாதேன்னு எழுதியிருக்கான்னா முதல்ல காட்டணும்டா" என்றாள். பிறகு பழைய கதையை எடுத்தாள். இளவயதில் நீங்கள் ஒப்பந்தக் கூலியாக அந்தப் பக்கம் போனபோது, எல்லையில் எல்லாரையும் அம்மணமாக நிற்கவைத்து, பேன் பிடித்த ஆட்டுக்கு அடிப்பது மாதிரி மருந்துப் பொடி அடித்தார்களாம். நீங்கள் வீட்டுக்கு எழுதினீர்களாம்: "இங்கு வந்து இறங்கியதும் வாசனைப் பொடி பூசி வரவேற்றார்கள்." அம்மா சொல்கிறாள்: "அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. என் தம்பி எழுதுறதுல தேதி மட்டும்தான் நிஜம்."

நீங்கள் மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். அந்தப் பருவத்தில் நீங்கள் இடுப்பு உடைந்து கட்டிலில் கிடந்தீர்கள். கங்காணியிடம் காட்ட உங்கள் பெயரில் ஒரு வேலை அட்டையாவது இருந்தது. என்னிடம் ஒன்றுமில்லை. "என் பேரை எடுத்துக்கிட்டுப் போடா, சும்மாதானே கிடக்கு" என்றீர்கள். அந்த வருஷம் முழுக்க நான் கசிமீரோவாக மரம் ஏறினேன். கங்காணி நசாரியோ "கசிமீரோ!" என்று கத்தினால் இறங்கினேன். என் பெயரை நானே மறந்துகொண்டிருந்தேன். அதிலும் ஒரு குறையுமில்லை.

குறை உங்கள் வாயில் இருந்தது. நடக்க ஆரம்பித்த முதல் வாரமே சாராயக் கடைக்குப் போய், "ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்கிற ஆளு உலகத்துலயே நான் ஒருத்தன்தான். ஒரு கசிமீரோ இங்க குடிக்கிறான், இன்னொரு கசிமீரோ மரத்துல தொங்குறான்" என்று மேசையைத் தட்டியிருக்கிறீர்கள். அடுத்த சனிக்கிழமை துணி துவைக்கும் கடைக்கு மிக்ரா, குடியேற்றப் போலீஸ், வந்தது. அத்தனை பேர் இருந்த இடத்தில் அந்த மிக்ராக்காரன் நேராக என்னிடம் வந்து, "ரெண்டாவது கசிமீரோ நீதானா?" என்றான். ஈரச் சட்டையோடு என்னை எல்லையில் இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து வரும் முதல் கடிதம் இது.

சட்டத்தைப் பற்றி எங்களுக்கும் தெரியும். பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் சாட்சிக் கடிதத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு, ஸ்ட்ராபெரி பறித்ததாகச் சொல்லப் போயிருக்கிறான். "ஏணி எவ்வளவு உயரம்?" என்று அதிகாரி கேட்க, இவன் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் காட்டினானாம். ஸ்ட்ராபெரி கணுக்கால் உயரத்தில் காய்ப்பது. அன்று மாலையே ஊர் திரும்பிவிட்டான். அதனால்தான் எல்லாரும் இப்போது விவரம் சேகரிக்கிறார்கள்.

நீங்களும் சேகரிக்கிறீர்கள். உழைப்பு என்னுடையது, பெயர் உங்களுடையது. காகிதம் ஒன்றுதான் வரும். நேராகச் சொல்லுங்கள்: அது யாருக்கு?

உபால்தோ

*

தெர்மல்
1 செப்டம்பர் 1987

மருமகனே,

உன் கடிதம் எரிகிற தீக்குச்சி மாதிரி வந்தது. விரலைச் சுட்டுக்கொண்டுதான் படித்தேன். சாராயக் கடை விஷயத்தில் நீ கேள்விப்பட்டது பாதிதான். நான் மேசையைத் தட்டவில்லை. மேசை மேல் ஏறி நின்றேன். போகட்டும்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. நசாரியோ என்னைக் கூப்பிட்டு, "இது காயிதத்துல எழுதுற சமாச்சாரம் இல்ல, கசிமீரோ. ஒருத்தன் பேர்ல இன்னொருத்தனை வேலைக்கு வெச்சவன் நான். நீ எழுதி, அதை எவனாவது பிரிச்சுப் படிச்சா, என் தலை போகும். ஒரு வரி எழுதினே, கடிதாசி கிடையாது" என்று கன்னி மரியாள் மேல் சத்தியம் வாங்கிவிட்டான். ஒரு பெயருக்கு ஒரே கடிதம்தான் தருவானாம். அதை மட்டும் சொல்லலாம் என்று நானே முடிவு செய்து சொல்கிறேன்.

இங்கே எல்லா வாயிலும் இதே பேச்சு. நேற்றுப் பழம் அடைக்கும் கொட்டகையில் லிண்ட்கிரென் சொல்கிறார்: "எனக்கு ஒப்பந்த ஆளுங்க போதும்ப்பா. பழைய காலத்துல மாதிரி. வரணும், பறிக்கணும், போகணும்." அவருடைய மச்சினன் நாள் முழுக்க வானொலி கேட்கிறவன். அவன் சொல்கிறான்: "முதல்ல எல்லையை மூடுங்க மச்சான். ஒரு முயல்கூட நுழையக் கூடாது." லிண்ட்கிரென் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மூடிட்டு? மரத்துல நீ ஏறுவியா? உன் வயித்தத் தூக்கவே தனியா ரெண்டு ஆள் வேணும்." நசாரியோ பழத்தைப் பொறுக்கிக்கொண்டே, "மரம் என்ன ஒரு வருஷத்துலயா பழகுது? வந்துட்டுப் போறவன் கழுத்தை ஒடிச்சுக்கிட்டுத்தான் போவான்" என்றான். அப்போது நான் குறுக்கிட்டு, வாஷிங்டனுக்கே புத்தி வருகிற மாதிரி ஒரு யோசனை சொன்னேன். முதலாளியும் மச்சினனும் வாயடைத்து நின்றார்கள். நான் நம் மொழியில் சொன்னதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு வழியும் சட்டத்தில் உண்டு: எண்பத்திரண்டிலிருந்து ஊர்ப் பக்கமே போகாமல் இங்கேயே கிடந்தவனுக்கு. எனக்கு அது அடைப்பு. இடுப்பு உடைகிற வரைக்கும் வருஷா வருஷம் டிசம்பரில் நான் வந்து திரி கட்டாமல் நம் ஊர்த் திருவிழாவில் ஒரு வாணம் மேலே போயிருக்கிறதா? பிப்ரவரி வரை இருந்துவிட்டுத்தானே திரும்புவேன்? சொந்த ஊரை மறந்தவனுக்குப் பரிசு, மறக்காதவனுக்குக் கதவடைப்பு. இதையும் கொட்டகையில் சொன்னேன். கைதட்டினார்கள்.

ஆகவே அந்தத் தோப்புப் பருவம்தான் நம்மிடம் இருப்பது. விவரம் எழுது. சீக்கிரம். என்னை நம்பு.

கசிமீரோ

*

லாஸ் பிலாஸ்
16 செப்டம்பர் 1987

மாமாவுக்கு,

நம்பு என்கிறீர்கள். வேறு வழிகள் உங்களுக்கு அடைத்துவிட்டன, அந்த ஒரு பருவம்தான் இருக்கிறது என்றும் அதே கடிதத்தில் எழுதுகிறீர்கள். எனக்கு எண்ணத் தெரியும். ஒரு பருவம், ஒரு கடிதம், ஒரு கசிமீரோ.

சரி. கேட்டதற்குப் பதில்.

வசந்தத்தில் ஆண் மரத்துப் பூந்தூளை எடுத்துப் பெண் மரத்துப் பாளையில் கையால் தூவுவோம். அதற்கு முன் மட்டையில் உள்ள முள்ளைக் கத்தியால் சீவ வேண்டும். இல்லாவிட்டால் கை சல்லடையாகும். காய் பிடித்ததும் குலையில் பாதியைக் கிள்ளி எறிவோம். கோடையில் குலைக்குக் காகித உறை மாட்டுவோம். இலையுதிர் காலத்தில் பறிப்பு. ஒரே குலையில் எல்லாம் ஒன்றாகப் பழுக்காது, திரும்பத் திரும்ப ஏற வேண்டும். கீழே ஓர் ஏணி, மேலே மரத்தோடு சங்கிலியால் கட்டிய இன்னோர் ஏணி. பக்கத்து மரத்தில் சக்கதேக்காஸ்காரன் ஒருவன், நாள் முழுக்கப் பாடுவான், ராகமே வராது.

ஒன்றை மட்டும் அதிகாரியிடம் சொல்ல மறக்காதீர்கள். காலையில் முதல் வேலை, தோப்பிலேயே உயரமான மரத்தின் உச்சியில் ஒரு சிவப்புத் துணி கட்டுவோம். தினமும். அது தெரியாதவன் அந்தத் தோப்பில் வேலை செய்தவனே அல்ல. அதை முதலில் சொல்லுங்கள், மற்றது பிறகு.

இதை எழுதும்போது அம்மா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "சிவப்புத் துணியா? ஊருக்கு வந்து ஒரு தடவைகூடச் சொல்லலியே" என்றாள். இன்று சுதந்திர தினம், வெளியே வேட்டுச் சத்தம். அதில் அவள் பேச்சு காதில் விழாத மாதிரி தொடர்ந்து எழுதினேன்.

உபால்தோ

*

தெர்மல்
4 அக்டோபர் 1987

மருமகனே, திருட்டு மருமகனே,

உட்கார்ந்துகொண்டு படி. உன் மாமன் மிக்ராவின் வீட்டுக்குள் தன் காலாலேயே நடந்து போய், தன் காலாலேயே நடந்து வெளியே வந்திருக்கிறான். இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றில் இப்படி நடந்ததில்லை.

நானும் நசாரியோவும் போனோம். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. கழுத்து இருக்க வேண்டிய இடத்திலும் தோள்தான் இருந்தது. நம் மொழி நன்றாகப் பேசினான். முன்பு பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு இதே தோப்புகளில் நம் ஆட்களைத் துரத்தியவனாம். இப்போது மேசையில் உட்கார்ந்து அவர்களுக்கே முத்திரை குத்துகிறான்.

"அந்தத் தோப்புல காலையில முதல் வேலை என்ன?" என்றான்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "உயரமான மரத்து உச்சியில சிவப்புத் துணி கட்டுவாங்க சார்" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தான். "அந்தத் தோப்பை அஞ்சு வருஷம் சுத்தியிருக்கேன். ஒரு சிவப்புத் துணி பார்த்ததில்ல. யாருய்யா உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"

நசாரியோவின் முகத்தைப் பார்த்தேன். அவன் வாய் திறந்திருந்தது. அந்த நொடியில் எனக்குத் தெரிந்துபோயிற்று, உபால்தோ. உன் அம்மாவும் சின்ன வயதில் இப்படித்தான். நான் திருடித் தின்பேன் என்று சந்தேகம் வந்தால் சர்க்கரையில் உப்பைக் கலந்து வைப்பாள்.

ஆனால் நான் யார்? பெருமூச்சு விட்டேன். "நீங்க எப்படி சார் பார்த்திருப்பீங்க?" என்றேன். "துணி பறக்குதுன்னா மிக்ரா இல்ல, வேலையைப் பாருன்னு அர்த்தம். உங்க வண்டிப் புழுதி தெரிஞ்சதும் உச்சியில இருக்கிறவன் துணியை இழுத்திடுவான். கீழ இருக்கிறவன் எல்லாம் வாய்க்கால்ல குதிச்சிடுவான். நீங்க வந்து பார்க்கும்போது துணி எப்படி சார் இருக்கும்?"

பேனாவை மறுபடி கையில் எடுத்தான். பிறகு அவன் முகம் மிளகாய் நிறமாயிற்று. சிரிக்கிறான்! மேசையைக் குத்திக் குத்திச் சிரிக்கிறான். "அதான் அந்தத் தோப்புல ஒருத்தனும் மாட்டல! அஞ்சு வருஷம்!" பக்கத்து அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு என் கதையைச் சொன்னான். எழுந்து என் கையைக் குலுக்கினான். எனக்குக் காப்பி வரவழைத்தான். அதில் சர்க்கரை இருந்தது, உப்பு இல்லை.

இனி எழுதலாம், சத்தியம் முடிந்துவிட்டது. நசாரியோவின் சாட்சிக் கடிதத்தில் இருப்பது இதுதான்: அந்தப் பருவத்தில் கசிமீரோ என்ற பெயரில் மரம் ஏறியவன், என் அக்கா ஒத்தீலியாவின் மகன் உபால்தோ. நான் அதற்குச் சாட்சி. அந்த மாதங்களில் கசிமீரோ கட்டிலில் கிடந்தான், ஒரு காயும் பறிக்கவில்லை என்று கையை உயர்த்திச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். விவரம் கேட்டது இதற்குத்தான். சாட்சி சொல்பவன் தடுமாறக் கூடாதல்லவா?

எல்லாம் இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. உன் பிறப்புச் சான்றிதழையும் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு மெக்சிகாலிக்குப் போ. எல்லைக் கதவில் காட்டினால் உள்ளே விடுவார்கள். நவம்பர் பிறந்தால் அந்த வழி மூடிவிடும்.

என் காகிதம் பற்றிக் கேட்பாய். நீயும் ஒன்று வாங்கிக்கொள் என்று அதிகாரி கெஞ்சினான். நான்தான், "ஒரு குடும்பத்துக்கு ஒண்ணு போதும் சார்" என்று சொல்லிவிட்டேன்.

கசிமீரோ

*

மெக்சிகாலி
20 அக்டோபர் 1987

மாமாவுக்கு,

எல்லையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு விடுதியில் இருக்கிறேன். வீட்டு வேலைக்காக தினமும் அந்தப் பக்கம் போய்வரும் ஒரு பெண் இதை அங்கே தபாலில் போடுகிறாள். பதிலை அந்தப் பக்கத்து ஊரான கலெக்சிகோவின் பேருந்து நிலையத்தில் அவளிடம் கொடுக்கலாம். தோன்யா ப்ரிமிதிவா என்று கேட்டால் காட்டுவார்கள்.

பொட்டலம் கையில் இருக்கிறது. கதவுக்கு நான் இன்னும் போகவில்லை.

விடுதியில் பேச்சு இதுதான்: "அது கதவு இல்ல, எலிப்பொறி. வெண்ணெய் வாசனை காட்டி உள்ள இழுக்கிறான்." ஒருவன் சொல்கிறான், அவன் சித்தப்பா மகன் உள்ளே போனான், அந்தப் பக்கமும் வரவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை என்று. நான் ஏற்கெனவே ஒரு தடவை பிடிபட்டவன். கசிமீரோ என்ற பெயரில் என் முகம் அவர்களிடம் இருக்கிறது. இப்போது உபால்தோ என்று போய் நிற்கச் சொல்கிறீர்கள்.

சிவப்புத் துணி பொய். நான் கட்டிய பொய். காகிதத்தை நீங்களே எடுத்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன், எடுத்துக்கொண்டால் கெடட்டும் என்று எழுதினேன். அந்தப் பொய்யை வைத்தே எனக்குக் கதவு திறந்ததாக நீங்கள் எழுதுகிறீர்கள். அது எவ்வளவு அழகாக இருக்கிறதோ, அவ்வளவு எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கோழி முட்டை வெந்த கதையையும் இதே கையெழுத்தில்தான் எழுதினீர்கள். மிக்ராக்காரன் சிரித்தானாம், காப்பி கொடுத்தானாம், கெஞ்சினானாம். இதில் எந்த வரியில் நான் கால் வைப்பது?

மாமா, ஒரே ஒரு தடவை எதையும் சேர்க்காமல் எழுதுங்கள். கதவு பொறியா? உங்கள் காகிதம் என்ன ஆயிற்று?

உபால்தோ

*

கலெக்சிகோ
26 அக்டோபர் 1987

உபால்தோ,

சேர்க்காமல் எழுதுகிறேன்.

லாரியை நான் நிறுத்தவில்லை. ஏறும்போது வழுக்கி விழுந்தேன்.

அதிகாரி காப்பி கொடுக்கவில்லை. சிரித்தான், அது உண்மை. நசாரியோவைக் கேள். கெஞ்சவில்லை. "அப்போ உனக்கு ஒண்ணும் கிடையாது, தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கதவு பொறியா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் பார்க்க வந்தேன். தெற்கே வருவதற்கு எவனும் தடுக்கவில்லை. வடக்கே திரும்பும் சாலையில் சோதனைச் சாவடி இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேலிக்கு இந்தப் பக்கம் செருப்புக் கடை வாசலில் இரண்டு நாளாக நின்று பார்க்கிறேன். காகிதத்தோடு உள்ளே போகிறவர்கள் இந்தப் பக்கம் வெளியே வருகிறார்கள். எல்லாரும் இல்லை. சிலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். யாரும் காணாமல் போகவில்லை.

புதன்கிழமை காலையில் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால், கதவுக்கு வலப்பக்கம் வேலிக் கம்பியில் சிவப்புத் துணி கட்டுகிறேன். உன் பக்கத்திலிருந்து தெரியும். நான் பக்கத்தில் நிற்பேன். துணி இருந்தால் வா. இல்லாவிட்டால் அம்மாவிடம் திரும்பிப் போ.

பயமாக இருக்கிறது. உனக்கும் இருக்கும்.

மாமன்

*

தெர்மல்
31 அக்டோபர் 1987

மாமாவுக்கு,

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. ஊருக்கே எழுதுகிறேன். பிடித்து வெளியே தள்ளியிருந்தால் அங்கேதான் வந்து சேர்வீர்கள்.

புதன்கிழமை காலை கதவுக்கு வலப்பக்கம் துணி இருந்தது. பக்கத்தில் நீங்கள் இல்லை.

செருப்புக் கடை வாசலைப் பார்த்தேன். அங்கும் இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆள், "காலையில ஒரு நொண்டிக் கிழவனை வண்டியில ஏத்தினானுங்க" என்றான். ஓடிவிடலாம் என்று திரும்பினேன். நீங்கள் பிடிபட்டுவிட்டீர்கள், துணியை அவர்களே கட்டியிருப்பார்கள், எனக்காகத்தான் கட்டியிருப்பார்கள் என்று தோன்றியது. உங்கள் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்துப் படிக்கவில்லை. படித்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

வேலி ஓரமாகப் போய் முடிச்சைப் பார்த்தேன். வாணத்துக்குத் திரி கட்டுகிற முடிச்சு. இரண்டு சுற்று, உள்ளே ஒரு மடிப்பு, நுனி மேல்நோக்கி. நம் ஊரில் அதைப் போடத் தெரிந்த கை ஒன்றுதான். அவசரமாகவும் இல்லை, நிதானமாக இறுக்கியிருந்தது.

உள்ளே போனேன்.

காகிதம் கொடுத்திருக்கிறார்கள். தற்காலிகம்தான், ஆனால் அதில் உபால்தோ என்று எழுதியிருக்கிறது. நேற்று முதல் தோப்பில் வேலை. நசாரியோ பழக்க தோஷத்தில் கீழே நின்று "கசிமீரோ!" என்று கத்தினார். இறங்கிவிட்டேன். இறங்கி வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அதிகாரியைப் பற்றிக் கேட்டேன். "சிரிச்சான். உங்க மாமன் மாதிரி ஒரு பொய்யனை என் ஆயுசுல பார்த்ததில்ல" என்றார், தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு.

எங்கே இருக்கிறீர்கள்? அடித்தார்களா? எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், சேர்த்தே எழுதுங்கள்.

உங்கள் மருமகன்,
உபால்தோ

*

லாஸ் பிலாஸ்
15 நவம்பர் 1987

கிரீன் கார்டுக் கனவானே, மருமகனே,

அடிப்பதா? உன் மாமனையா? நடந்ததைக் கேள். செருப்புக் கடை வாசலில் மூன்று நாளாக ஒரு கம்பீரமான மனிதர் நிற்கிறார், யாராவது அமைச்சராக இருக்குமோ என்று அவர்களுக்குள் பேச்சாகிவிட்டது. துணியைக் கட்டி முடித்துவிட்டுத் திரும்பினால், பின்னால் இரண்டு பச்சைச் சட்டைக்காரர்கள் மரியாதையாக நிற்கிறார்கள். வண்டிக் கதவைத் திறந்துவிட்டதும் அவர்கள்தான், சாத்தியதும் அவர்கள்தான். ஆயுளில் எனக்காக எவன் வண்டிக் கதவைத் திறந்திருக்கிறான்? முன்பு வந்தபோது வாசனைப் பொடி, இப்போது போகும்போது வண்டி. அந்த அரசாங்கம் என்னை ஒருபோதும் கவனிக்காமல் விட்டதில்லை.

ஊர் வந்து சேர்ந்தது சரியாக, செத்தவர்கள் வீடு தேடி வரும் இறந்தோர் நாளன்று. கல்லறைக்குப் பூவெடுத்துக்கொண்டு கிளம்பிய உன் அம்மா, வாசலில் என்னைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டாள். "வந்தவன் உயிரோட வந்தியா, படையலுக்கு வந்தியா? ஒழுங்கா சொல்லிடு" என்றாள். உயிரோடுதான் என்றேன். "உன் பேச்சை எப்படி நம்புறது?" என்று கையைக் கிள்ளிப் பார்த்தாள். படையலுக்கு வைத்த ரொட்டி முழுவதையும் நான் தின்ற பிறகுதான் நம்பினாள். பிறகு உள்ளே போய் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, வெகுநேரம் ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் என்னைச் சுற்றி எப்போதும் கூட்டம். மிக்ரா அதிகாரிக்கு நான் பாடம் நடத்திய கதையை இதுவரை எல்லாரும் கேட்டாயிற்று. தினம் கொஞ்சம் நீளுகிறது. இப்போதைய நிலவரப்படி அந்த அதிகாரி அழுதான். டிசம்பர் திருவிழாவுக்கு வாணம் கட்ட ஆரம்பித்துவிட்டேன். இந்த வருஷம் கடைசி நேரத்தில் ஓடி வர வேண்டியதில்லை, நிதானமாகக் கட்டலாம். மேலே போய் வெடிக்கும்போது சிவப்பு மட்டும்தான் வர வேண்டும் என்று வெடிமருந்துக்காரனிடம் சொல்லியிருக்கிறேன். உன் கண்ணுக்குத் தெரிகிற உயரத்துக்கு விடுகிறேன், அங்கேயிருந்து வடகிழக்காகப் பார்க்காதே, தென்கிழக்காகப் பார்.

ஏணியில் கவனமாக ஏறு. சங்கிலியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார். நசாரியோ கசிமீரோ என்று கூப்பிட்டால் இறங்காதே. உன் பெயரைச் சொல்லும் வரை மேலேயே இரு.

வண்டியில் ஏற்றும்போது அவர்களில் ஒருவன் வேலிக்குப் போய்த் துணியை அவிழ்க்கப் பார்த்தான். அது என்ன, யாருக்கு அடையாளம் என்று கேட்டான். என் கைக்குட்டை, ஈரம், காயப் போட்டிருக்கிறேன் என்றேன். அப்புறம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அது அங்கேயே இருக்கட்டும் சார் என்றேன். அது ஒன்றைத்தான் கேட்டேன். விட்டுவிட்டான்.

மாமன்,
கசிமீரோ